மேகம் மூட்டை இல்லை: மழைப் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிகளில் மழைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்தை எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் பல வருஷம் மழைமானி அளந்தவன். தினமும் காலை 8.30 மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை. 2.5 மில்லிமீட்டராவது சேர்ந்திருந்தால்தான் கணக்கில் அது மழைநாள். அதற்குக் கீழே என்றால் ஊரே நனைந்திருந்தாலும் மழைநாள் ஆகாது. இப்படி விழுந்த மழையையே பார்த்துப் பழகியவனுக்கு, அது மேலே எப்படி உண்டாகிறது என்ற கேள்வி ரிட்டயர் ஆன பிறகுதான் வந்தது. அதுவும் நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்தி புண்ணியத்தில்.

திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "சூரிய வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து மேகமாகி மழையாகப் பொழிகிறது." ஒரே மூச்சு. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. ஆனி மாதம். மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. "அந்தா இருக்குல்லா மேகம், அது ஏன் இங்க பெய்யல?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது இன்னும் நெறையல தாத்தா" என்றாள்.

நிறையவில்லையாம். பிள்ளை மனசில் இருக்கும் படம் அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. மேகம் ஒரு மூட்டை. கடலிலிருந்து ஏறுகிற தண்ணீர் அதில் போய்ச் சேரும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வரும். நிறைந்ததும் கிழிந்து கொட்டும். அவளைக் குறை சொல்ல முடியாது. நீலக் கடல், மேல்நோக்கி நாலு அம்புக்குறி, வெள்ளைப் பஞ்சு மேகம், கீழ்நோக்கிக் கோடுகள், மலை, ஆறு என்று நாம் வரைந்து கொடுத்த படத்தை அவள் ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அவ்வளவுதான். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டினால் அதற்கு 'மேகவெடிப்பு' என்று பேர் வைத்திருக்கிறோம். அங்கே எதுவும் வெடிப்பதில்லை. ஆனால் டி.வி.யில் அதைக் கேட்கிற பிள்ளை பலூனைத்தானே நினைக்கும்?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மூட்டையைப் பிள்ளைகள் மனசிலிருந்து இறக்கி வையுங்கள்.

எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு இது ரொம்பச் சுலபம். வகுப்பை வெளியே கூட்டிவந்து மேற்கே பார்க்கச் சொன்னால் போதும். ஆனி, ஆடியில் மேல்காற்று கேரளப் பக்கமிருந்து மலையில் ஏறும்போது மேகம் உண்டாகிறது. முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது கரைந்துபோகிறது. காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, மேகம் மட்டும் மலையை விட்டு அசையாமல் இருப்பதுபோலத் தெரியும். பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மேகத்தின் கீழ் ஓரம் முகட்டிலிருந்து சரிவில் வழிந்து வரும். வர வர மெலிந்து, ஒரு இடத்தில் காணாமல் போகும். பின்னாலேயே அடுத்தது வரும், அதுவும் அதே இடத்தில் காணாமல் போகும். தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி. காலையில் பார்த்த மேகமும் சாயங்காலம் பார்த்த மேகமும் ஒன்றில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பார்த்ததே இப்போது இல்லை. ஆற்றில் பாறை தடுக்கிற இடத்தில் நுரை நிற்கிறதே, அதுபோலத்தான். நுரை அங்கேயே இருக்கும், தண்ணீர் வேறு வேறு.

அதே காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவுகிறது. அங்கிருந்து கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை என்று போனால் வானம் வெளிறிக் கிடக்கும், காற்றாலைகள் மட்டும் விர்விர்ரென்று சுற்றும். தென்காசியிலிருந்து சுரண்டைக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. மேகம் மூட்டையாக இருந்திருந்தால் அந்த வேகக் காற்று அதை அரை மணி நேரத்தில் சுரண்டையில் கொண்டுபோய் இறக்கியிருக்கும். ஏறும் காற்றில் மேகம் பிறக்கிறது, இறங்கும் காற்றில் சாகிறது. இந்த ஒன்று புரிந்த பிள்ளைக்கு மழைமறைவுப் பகுதி என்ற பாடத்தைத் தனியாக நடத்தவே வேண்டாம்.

சரி, முதலிலிருந்து வருவோம்.

ஆவி என்ற சொல்லே நமக்கு ஒரு வம்பு. பிள்ளைகளுக்கு முதலில் பேய் ஞாபகம் வந்து சிரித்துத் தீர்ப்பார்கள். அப்புறம் இட்லிப் பானை ஞாபகம் வரும். மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று வெள்ளையாக வருகிறதே, அதுதான் ஆவி என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளை, நீராவி வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து மறுபடியும் தண்ணீர்ப் பொடியாக மாறியது. சொல்லப்போனால் சமையலறையில் உண்டான சின்ன மேகம். கெட்டில் கொதிக்கும்போது மூக்கு நுனிக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் ஒரு விரல்கடை அளவு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையில் இருப்பதுதான் நீராவி. பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துக் காட்டுங்கள், கை வைத்தால் வெந்துவிடும்.

இதை நான் வீட்டில் காட்டிய வாரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் தேர்வு வந்தது. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. நீர்ச் சுழற்சிப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தி கடலை வரைந்தாள், மேகத்தை வரைந்தாள், நடுவில் எதுவும் வரையவில்லை. 'இங்கே நீராவி இருக்கிறது, தெரியாது' என்று மட்டும் எழுதிவைத்திருந்தாள். அம்புக்குறி இல்லை என்று ரெண்டு மார்க் போய்விட்டது. திருத்திய ஆசிரியர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அறுபது தாளைத் திருத்துகிறவர் படத்தில் அம்பைத்தான் தேடுவார். ஆனால் அந்த ஊரிலேயே வானத்தைச் சரியாக வரைந்த ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

அதே அம்புக்குறி இன்னொரு சந்தேகத்தையும் கிளப்பிவிடுகிறது. 'சூரிய வெப்பத்தால் ஆவியாகி' என்றதும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "அப்பம் கடல் கொதிக்குமா?" நியாயமான கேள்வி. ஆவி என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் கொதி என்றுதானே வீட்டில் பார்க்கிறான். வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் வருஷத்தில் பெரும்பாலும் 28, 29 டிகிரி சூட்டில்தான் இருக்கிறது. குளிக்கிற வெந்நீர் சூடுகூட இல்லை. நிழலில் போட்ட ஈரத்துண்டு கொதித்தா காய்கிறது? தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீராவி எந்நேரமும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. வெயிலும் காற்றும் அதைத் துரிதப்படுத்துகின்றன. எங்களுக்குத் தூத்துக்குடி உப்பளம் பக்கம். பாத்தியில் கடல்தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் தண்ணீர் கிளம்பிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். மழைத்தண்ணீர் ஏன் கரிக்கவில்லை என்று பிள்ளை கேட்டால் உப்பளத்தைக் காட்டினால் போதும். அந்த உப்பை மறந்துவிடாதீர்கள், கதையில் திரும்பி வரும்.

அடுத்து, 'மேலே சென்று குளிர்ந்து'. மேலே போனால் ஏன் குளிரணும்? சூரியனுக்குக் கிட்டத்தானே போகிறது? இதைக் கேட்காத பிள்ளை இல்லை. "மேலே அப்படித்தான், கொடைக்கானல் போல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பதில் சைக்கிள் டியூபில் இருக்கிறது. காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சூடு. வால்வைத் திறந்துவிட்டு விரலை நீட்டினால் சில்லென்று இருக்கும். நெருக்கினால் காற்று சூடாகும், விரிந்தால் குளிரும். மேலே போகப் போக, மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு. அதனால் ஏறுகிற காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி. ஏற்றிவிடுவது எது என்பது காலத்துக்குக் காலம் மாறும். சித்திரை மத்தியானத்தில் காய்ந்த தரை, ஆனியில் மலை, ஐப்பசியில் கடலில் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு. இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், நாலாம் வகுப்புக்கு இவ்வளவு போதும்.

ஆனால் அடுத்த விஷயத்தை நகர்ந்து போகாதீர்கள். எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் மனப்பாட வரியில் இது இருப்பதில்லை. நீராவி குளிர்ந்தால் மட்டும் மேகம் ஆகாது. ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். ஐஸ்தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்பக்கம் வியர்ப்பது சொம்பு இருப்பதால்தான். வானத்தில் சொம்பு ஏது? தூசிதான் சொம்பு. புகை, மண்தூள், கடல் அலை உடையும்போது தெறித்துக் காய்ந்து காற்றில் மிதக்கும் உப்புத் தூள். உப்பளத்தில் தங்கிவிட்டது என்று சொன்னோமே, அந்தக் கடல் உப்பில் ஒரு சிட்டிகை இப்படி மேலே போய் மழைக்கு விதை ஆகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப் போவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். உப்புக்குத் தண்ணீரை இழுக்கிற குணம். வானத்திலும் அதே குணம்தான்.

இதை 1880 வாக்கில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் சோதித்துப் பார்த்தார். ஒரு பாத்திரத்தில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் பஞ்சில் வடிகட்டிய காற்று. ரெண்டிலும் நீராவியை விட்டார். முதலாவதில் மூடுபனி திரண்டது, வடிகட்டியதில் ஒன்றையும் காணோம். நீங்கள் அவ்வளவு பாடுபட வேண்டாம். ரெண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். லேபிளைக் கிழித்துவிட்டு அடியில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். மூடியை இறுக்கி, ரெண்டு கையாலும் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது மூடியைத் திறந்து ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ள விட்டு, மூடி, மறுபடி அமுக்கி விடுங்கள். விட்ட நொடியில் பாட்டில் முழுக்க வெள்ளை. அமுக்கினால் மேகம் மறையும், விட்டால் வரும். அமுக்கு, மறையும். விடு, வரும்.

எங்கள் திண்ணையில் இதைச் செய்த அன்று பாட்டில் அரை மணி நேரம் என் கைக்குத் திரும்பி வரவில்லை. ஆளாளுக்கு அமுக்கினார்கள். ஒருத்தி பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு "மலை இறங்குது... மலை ஏறுது" என்று அமுக்கி அமுக்கி விட்டாள். அமுக்கினால் இறங்கும் காற்று, விட்டால் ஏறும் காற்று என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. மேற்கே பார்த்துக்கொண்டு அவளாகவே சொன்னது.

மேகம் வந்துவிட்டது. மழை எங்கே? இங்கேதான் நம் பாடங்களில் ஒரு பெரிய ஓட்டை. 'மேகமாகி மழையாகப் பொழிகிறது' என்று ரெண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போல ஓடிவிடுகிறோம். அந்த 'ஆகி'க்குள் நடப்பதுதான் மழைக் கதையிலேயே கஷ்டமான பகுதி. தினமும் தலைக்கு மேலே போகும் மேகங்களில் பெரும்பாலானவை பெய்யாமல் கரைந்து போவதும் இதனால்தான்.

மேகத்தில் இருக்கும் ஒரு துளியின் குறுக்களவு சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. அது கீழே விழாமல் இல்லை, விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நாளைக்கு மேல் ஆகும். அதற்குள் மேலே ஏறும் காற்று அதைத் திரும்பத் தூக்கிவிடும், அல்லது வழியிலேயே காய்ந்துவிடும். 'அவ்வளவு தண்ணீர் எப்படி அந்தரத்தில் தொங்குது?' என்ற கேள்விக்குப் பதில் இது. தண்ணீர் என்னவோ நிறையத்தான் இருக்கிறது. வெள்ளை மேகத்தில் ஒரு பீரோ அளவு இடத்தை எடுத்துக்கொண்டால் அதில் பத்துச் சொட்டுத் தண்ணீர் தேறும். அதுவே நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள மேகம் என்றால் சுமார் 500 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நாற்பதுக்கு மேல். அத்தனையும் முடியைவிட மெல்லிய பொடியாகச் சிதறிக் கிடப்பதால் மிதக்கிறது.

ரெண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உண்டாக இந்தப் பொடித்துளிகளில் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். பத்து லட்சம்! பொடித்துளிகள் அவ்வளவு லேசில் சேராது. ஒன்றையொன்று நெருங்கினால் காற்றோடு வழுக்கி விலகிப் போய்விடும். கூட்டத்தில் கொஞ்சம் பெரிய துளிகள் சில இருந்தால்தான் காரியம் நடக்கும். உப்புத் தூளில் பெரிய தூளாக ஒட்டிக்கொண்டு வளர்ந்தது அப்படி ஒன்றாக இருக்கலாம். பெரியது வேகமாக விழும். விழுகிற வழியில் சின்னதை முட்டி விழுங்கும். விழுங்க விழுங்க இன்னும் வேகம், இன்னும் பசி. மழைநேரத்தில் பஸ் ஜன்னல் கண்ணாடியைப் பார்க்காத பிள்ளை உண்டா? குட்டிச் சொட்டுகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏதோ ஒன்று கொஞ்சம் பெருத்துச் சரியும், வழியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு சரசரவென்று கீழே ஓடும். எந்தச் சொட்டு முதலில் ஓடும் என்று பந்தயம் கட்டியிருப்பார்கள். அந்தப் பந்தயம்தான் பாடம்.

மேகம் உயரமாக இருந்தால் துளிக்கு வளர நிறைய இடமும் நேரமும் கிடைக்கும். தட்டையான மேகத்தில் கிடைக்காது. குற்றாலச் சாரல் பூப்போல இருப்பதற்கும், ஐப்பசி மழை ஓட்டைப் பொத்தலாக்குவது போல அடிப்பதற்கும் காரணம் இதுதான். ஐப்பசியில் வரும் இடிமேகம் 10 கிலோமீட்டரையும் தாண்டி வளரும். நம் ஊர் வானத்தில் 5 கிலோமீட்டருக்கு மேலே போனால் உறைநிலை. அங்கே பனிக்கட்டித் துகள் உண்டானால், பக்கத்துத் துளிகளின் ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மளமளவென்று பெருக்கும். அப்புறம் கனம் தாங்காமல் விழும், வழியில் உருகும். அதாவது திருநெல்வேலியில் கார்த்திகை மாதம் உங்கள் தலையில் விழுந்த சொட்டு, கொஞ்ச நேரத்துக்கு முன் பனிக்கட்டியாக இருந்திருக்கலாம். உருக நேரமில்லாமல் அப்படியே வந்து விழுந்தால் ஆலங்கட்டி. பனியே பார்க்காத பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

துளியின் உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே கூராக, கீழே குண்டாக, கண்ணீர்த்துளி போல வரைகிறோம். எந்த மழைத்துளியும் அப்படி இல்லை. சின்னது உருண்டை. பெரியது காற்றை எதிர்த்து விழுவதால் அடிப்பக்கம் தட்டையாகி, பேக்கரி பன் மாதிரி ஆகிவிடும். 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் தாங்காமல் உடையும். பத்து லட்சம் துளி சேர்ந்து உண்டானது மறுபடியும் சிதறி, அந்தத் துண்டுகள் அடுத்த துளிகளுக்கு விதை ஆகும்.

மழைத்துளியை அளக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, பனித்துகள்களைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர், மழையையும் விடவில்லை. ஒரு தட்டில் கோதுமை மாவைப் பரப்பி மழையில் சில நொடி நீட்டி எடுத்தார். ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு உருண்டை ஆகிவிடும். அதை அளந்து 1904-ல் கட்டுரை எழுதினார். போன ஐப்பசியில் நாங்களும் செய்தோம். சாப்பாட்டுத் தட்டில் விரல்கடை உயரத்துக்கு மைதா. "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணிவிட்டு உள்ளே இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பசை ஆகிவிடும். முதல் தடவை அப்படித்தான் ஆனது, வீட்டம்மாவிடம் எனக்குத்தான் திட்டு. ரெண்டாவது தட்டைக் கொஞ்ச நேரம் காயவிட்டு ரவைச் சல்லடையில் சலித்தோம். தூறலுக்கு ரவை மாதிரிக் குருணை. பலத்த மழைக்குக் கடுகு, நடுநடுவே சின்ன மிளகு. பேத்தி அதைத் தாளில் ஒட்டி மேலே தேதி எழுதி வைத்திருக்கிறாள். முப்பது வருஷம் அளவுக் குடுவையில் மழையைப் பார்த்த எனக்கு, ஒரு மழையை உருண்டை உருண்டையாகக் கையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்ப மூட்டைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பாடத்தில் படிக்கிற செய்தி இல்லை. தாமிரபரணி வீட்டுக்குள் வந்த வருஷம். ஒரு சதுர மீட்டர் தரையில் 950 லிட்டர். இப்போது ஒரு கணக்கு. ஈரம் மிகுந்த நாளில், நம் தலைக்கு நேர் மேலே உச்சிவரை இருக்கும் மொத்த நீராவியையும் பிழிந்து ஒரே அடியாகக் கீழே கொட்டினால் எவ்வளவு தேறும்? ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அவ்வளவுதான். அப்படியானால் 95 எங்கிருந்து வந்தது? மேலே கட்டிவைத்திருந்த மூட்டையிலிருந்து வரவே முடியாது. கடலிலிருந்து ஈரக்காற்று விடாமல் வந்துகொண்டே இருந்தது. அதே இடத்தில் ஏறி, குளிர்ந்து, பெய்து, அடுத்தது வந்தது. ராத்திரி பகலாக. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு 95-ஐ 6-ஆல் வகுக்கத் தெரியும். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டை தானாக இறங்கிவிடும்.

நம் மாநிலத்து வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்த வடகிழக்குப் பருவமழைதான். அதனால் உங்கள் படத்தில் கடலைக் கிழக்கே வரையுங்கள். மேற்கே கடல், கிழக்கே மலை என்று போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ராமநாதபுரத்துப் பிள்ளை தன் வீட்டு மழையை எந்தப் பக்கம் தேடும்?

ரெண்டு சில்லறை முறையீடுகளும் உண்டு. மேகமும் மேகமும் மோதித்தான் இடி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பஞ்சும் பஞ்சும் மோதிச் சத்தம் வருமா என்று பிள்ளை கேட்டால் நாம் முழிக்க வேண்டியதுதான். மின்னல் ஓடும் பாதையில் காற்று 30,000 டிகிரி வரை சூடாகிப் படாரென்று விரிகிறது. அந்தச் சத்தம் இடி. மின்னல் கண்டதும் நொடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் இருந்துகொண்டு எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மழைப் பாடத்தை எடுத்தால் கடைசி வரி 'ஆகவே மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம்' என்றுதான் முடிகிறது. நல்ல காரியம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த வரி வந்ததும் கேள்வி கேட்கிற வாய் மூடிக்கொள்கிறது. உறுதிமொழி எடுத்தாயிற்று, மணி அடித்தாயிற்று, பாடம் முடிந்தது. இதைவிட வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று எங்கள் ஆச்சி சொன்னது தேவலை. அதைக் கேட்ட பிள்ளை கல்யாணத்தைத் தேடியாவது வானத்தைப் பார்க்கும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடில் பாட்டில், மைதா, சைக்கிள் டியூப் எல்லாம் ஆகிற காரியமா என்று. ஆகாது. எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டில் ஒன்று, ஜன்னல் ஒன்று போதும். தேர்வில் 'மழை எவ்வாறு உருவாகிறது?' என்று கேட்கிற இடத்தில் ஒரு தடவை, 'நேற்று நீ பார்த்த மேகம் ஏன் பெய்யவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் அறுபது தாளிலும் வராது. திருத்துவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது ஆனி மாதம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தால் திண்ணையில் இடம் இருக்கிறது. மலை நன்றாகத் தெரியும். பாட்டிலை நான் எடுத்து வைக்கிறேன், ஊதுபத்தி வீட்டிலேயே உண்டு. மைதா மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள். எங்கள் வீட்டில் இனிமேல் கிடைக்காது.

இப்படிக்கு,
பழைய மழைமானிக்காரன் ஒருவன்